‘இயற்க்கையோடு ஓர் நாள்’: பிழை திருத்துகிறவன் போய்வந்த கதை

தலைப்பில் இருக்கும் பிழை என்னுடையது அல்ல. குமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு இறங்கும் செம்மண் பாதையின் முனையில் போர்டு அப்படித்தான் நிற்கிறது. ‘இயற்க்கையோடு ஓர் நாள்’. ‘ற்’ பக்கத்தில் இன்னொரு ஒற்று வராது. ‘நாள்’ உயிரெழுத்தில் தொடங்காததால் அதற்கு முன்னால் ‘ஒரு’தான் வரும். மூன்று சொல்லில் இரண்டு பிழை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மனதிற்க்கு ஓய்வு’ என்று மூன்றாவது. (‘மனத்திற்கு’ என்றுதான் எழுத வேண்டும் என்பார்கள் பண்டிதர்கள். நான் அவ்வளவு தூரம் போவதில்லை.) காலை ஐந்தே முக்காலுக்கு, சாரல் மழையில், ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை வாசித்தபோது எனக்குள் இருக்கும் ஆள் சொன்னான்: “1,800 ரூபா போச்சு.”

அந்த உள்ளே இருக்கும் ஆளுக்காகத்தான் இந்த ஒருநாள் தியானப் பயிற்சிக்குப் போனதே.

தக்கலையில் சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், பில் புக், பதினாறாம் நாள் கார்டு. டிசைனுக்கு ஒரு பையன், மெஷினுக்கு ஒருவர். புரூஃப் பார்ப்பது மட்டும் நான். 22 வருஷமாக ஊராரின் பெயரில் துணைக்கால் விழுந்திருக்கிறதா, கொம்பு கூடியிருக்கிறதா என்று பார்த்தே தேய்ந்த கண். ஹோட்டலில் உட்கார்ந்தால் மெனு கார்டைத் திருத்துவேன். பஸ்ஸில் போனால் சுவரொட்டியைத் திருத்துவேன். வீட்டில் இதைச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள், அதுவரைக்கும் அது வெறும் கிண்டல்தான்.

மே மாதம் ஒரு கல்யாணக் கார்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வழித் தாத்தா காலமாகிவிட்டார், அப்பா வழித் தாத்தா இருக்கிறார். ‘அமரர்’ என்கிற சொல் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃப் அது. 600 கார்டு. மூலையில் மஞ்சள் தடவி, முதல் கார்டைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை வீட்டுக்குப் பெரியவர் என்று அந்தத் தாத்தாவின் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாரும் கேட்க உரக்க வாசித்திருக்கிறார். தன்னை அமரர் என்று தானே வாசித்த மனிதர் இந்த மாவட்டத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது.

வந்து கத்தினார்கள். கத்தத்தான் செய்வார்கள். இரண்டே நாளில் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அவர்களுக்கு அதோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

பல் தேய்க்கும்போது: “உயிரோட இருக்குத மனுசனக் கொன்னவன் நீ.” மெஷின் ஓடும்போது: “கண்ணு அவிஞ்சு போச்சு ஒனக்கு.” ராத்திரி இரண்டரைக்கு முழிப்பு வந்தால்: “மானம் இருந்தா இந்தத் தொழில விட்டுரு.” ஒரு அரிசிக் கடையின் பில் புக்கை ஏழு தடவை வாசித்தேன். அதில் இருப்பதே நாலு வரி. ஒருநாள் நடு ராத்திரியில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், மறுநாள் பிளேட் போட வேண்டிய நோட்டீஸைத் திரும்பப் பார்த்துவிட்டு வந்தேன். பிழை இல்லை. அது நிம்மதியைத் தரவில்லை, “இதுல இல்ல, அடுத்ததுல வரும்” என்றான் உள்ளே இருப்பவன். அசைபோடுவது என்று சொல்கிறோமே, மாடு அசைபோட்டால் பாலாவது கிடைக்கும்.

என் மனைவிதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “நீங்க உங்களத் திட்டுத மாதிரி அந்த டிசைன் பையன ஒரு நாள் திட்டினீங்கன்னா, அவன் மறுநாள் வேலைக்கி வரமாட்டான். நீங்க எங்க போவீங்க?” கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள். என்னிடம் பதில் இல்லை.

காசு கொடுக்காமல் ஆகிற வழிகளை முதலில் பார்த்தேன். நம் ஊரில் அமைதியாக உட்கார இடத்துக்கா பஞ்சம்? விவேகானந்தர் பாறையின் தியான மண்டபத்துக்குப் போனேன். 1892 டிசம்பரில் அவர் அந்தப் பாறையில் உட்கார்ந்தபோது படகுக்கு வரிசை கிடையாது. இப்போது, அதுவும் கண்ணாடிப் பாலம் வந்த பிறகு, வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று உள்ளே போய் உட்கார்ந்தால் முதலில் வருவது தியானம் இல்லை, தூக்கம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரூர் குளக்கரை. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2022-ல் ஏறியது அது, வலசைப் பறவைகள் வருகிற காலத்தில் கண்கொள்ளாது. நான் போனது ஜூனில். தண்ணீர், தாமரை இலை, ரெண்டு கொக்கு. நல்ல காற்று. நான் வசதியாக உட்கார்ந்தேன். உள்ளே இருப்பவனும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, குறுக்கே பேச ஆளில்லாத சந்தோஷத்தில் அதுவரைக்குமான கணக்கை விரித்துவிட்டான்.

இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். மரத்தடியில் போய் உட்கார்ந்தால் மனசு தானாக அடங்கும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை, சத்தம் கூடியது. அதனால்தான் மகள் இந்த இடத்தைச் சொல்லி, கேட்காமலே போனில் பேசிப் பதிவும் செய்தபோது சரி என்றேன்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வீட்டோடு வைத்து நடத்துவது, நான் கீழே குறையும் சொல்லப் போகிறேன். சனி, ஞாயிறு மட்டும். காலை ஆறு முதல் மாலை நாலு வரை. ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள், அன்று ஒன்பது பேர் இருந்தோம். நாகர்கோவிலிலிருந்து இரண்டு வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்ற ஒரு ஹெட்மாஸ்டர், திருவனந்தபுரத்துத் தம்பதி, நீட் எழுதிவிட்டு முகம் செத்துப்போயிருந்த ஒரு பெண்பிள்ளையும் அவள் அம்மாவும், யாரிடமும் பேசாத நடுவயதுப் பெண் ஒருவர், நான்.

போனதும் போனை வாங்கி ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டார்கள். அது நல்லது. அடுத்து நடந்தது அவ்வளவு நல்லதில்லை. ஓட்டுக் கொட்டகையில் உட்காரவைத்து, வீட்டுக்காரர் ஒரு புளூடூத் ஸ்பீக்கரில் ‘காட்டு ஓடைச் சத்தம்’ போட்டார். இருநூறடி தூரத்தில் நிஜமான ஓடை ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்கு அதன் சத்தம் இங்கேயே கேட்கிறது. ரெண்டு ஓடையும் சேர்ந்து ஒன்றை ஒன்று அமுக்கின. அந்தப் பின்னணியில் 40 நிமிஷம் உரை.

உரையில் சரக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் வனத்துறையே 1982-ல் ‘காட்டுக் குளியல்’ என்று ஒன்றை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாம். சோப்பு இல்லை, தண்ணீர் இல்லை, மரங்களுக்கு நடுவே பைய நடப்பதுதான் குளியல். அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், பௌத்தத் தியானத்திலிருந்து மதத்தைக் கழற்றிவிட்டு, தீராத வலிக்காரர்களுக்காக, இப்போது எட்டு வாரம் நடக்கும் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அப்புறம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. 2015-ல் வந்தது. சிலரை 90 நிமிஷம் மரமும் புல்லும் உள்ள இடத்தில் நடக்கவிட்டார்கள், வேறு சிலரை வண்டி ஓடும் பெரிய ரோட்டோரம் அதே 90 நிமிஷம் நடக்கவிட்டார்கள். மரத்தடியில் நடந்தவர்களிடம் தன்னைத்தானே குடைந்துகொள்ளும் பழக்கம் சற்றுக் குறைந்திருந்தது, மூளையின் முன்பக்கம் அதோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதியும் சற்று அடங்கியிருந்தது. “விஞ்ஞானம் நிரூபிச்சாச்சு” என்று முடித்தார் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து மகளை விட்டுத் தேடச் சொன்னேன். மொத்தம் 38 பேர். ஒரே ஒரு நடை. விஷயம் பொய்யில்லை, ஆனால் நிரூபிச்சாச்சு என்பது பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டிய சொல் இல்லை.

பின்னால் நின்றிருந்த அவர் மனைவி அந்த ஸ்பீக்கரை அணைத்தபோதுதான் நாள் தொடங்கியது. வளைகுடாவில் பல வருஷம் நர்ஸாக இருந்து திரும்பியவர், எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அங்கே ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு நடத்திய எட்டு வாரப் பயிற்சியில் இதைக் கற்றாராம். பேச்சு குறைவு. “காலுக்கு உப்புத் துணி கட்டிக்கிடுங்க, அட்டை இருக்கு” என்பதுதான் அவர் சொன்ன முதல் தத்துவம்.

நடப்பது ரப்பர் தோட்டம் வழியாக. இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்கள் ஏமாறக் கூடாது. ரப்பர் தோட்டம் காடு இல்லை. பிரேசில் மரம், ஒரே வயது, ஒரே வரிசை, நம் பக்கத்துப் பறவைகளுக்கு அதில் பெரிதாகத் தின்ன ஒன்றும் கிடையாது. மழை இறங்காமல் இருக்க ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டு, பச்சையாக இருக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் விளம்பரப் படத்தில் போட்டிருக்கும் அடர்காடு இது இல்லை. அந்தக் காடு மேலே சரணாலயத்தில் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. இவர்கள் திருட்டுத்தனமாக அங்கே கூட்டிப் போகாமல் தங்கள் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடித்தது. படத்தை மாற்றினால் இன்னும் பிடிக்கும்.

ரப்பர் முடிகிற இடத்தில் ஒரு பழைய விளை, அதாவது தோப்பு, இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வெட்டாமல் விட்டது. சக்கை, அயினி, கமுகு, எல்லாவற்றிலும் ஏறிப் படர்ந்த நல்லமிளகுக் கொடி, நடுவே ஓடை. இருநூறு மீட்டர்கூட இருக்காது. அதைக் கடக்க 40 நிமிஷம் ஆக்கினார் சிஸ்டர். ஒரு அடி வைத்தால் குதிகால், உள்ளங்கால், விரல் என்று ஒவ்வொன்றும் தரையில் படுவதைக் கவனிக்க வேண்டும். எனக்கு முதல் பத்து நிமிஷம் அட்டைதான் கவனத்தில் இருந்தது. ஹெட்மாஸ்டர் கடைசிவரைக்கும் அட்டையைத்தான் கவனித்தார். அது தப்பில்லை என்றார் சிஸ்டர், கவனம் கவனம்தானாம்.

அப்புறம் ஓடைக்கரைப் பாறையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். 20 நிமிஷம். கண்ணை மூட வேண்டாம், மூச்சை எண்ண வேண்டாம், கேட்கிற சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள் என்றார். தண்ணீர் ஒன்று. இலையில் சொட்டுகிற மழை வேறு, குடையில் சொட்டுகிற மழை வேறு. தூரத்தில் குலசேகரம் பஸ்ஸின் ஹாரன். குக்குறுவான் ‘குட்ரூ குட்ரூ’ என்று நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு யாரோ பையன் சீட்டியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மனசில் வேறு எதையோ நினைத்துக்கொண்டு, பாட்டுத் தெரியாத பையன் ஒருத்தன் அடிக்கிற மாதிரி. தோட்டத்தில் வேலை செய்கிறவன் என்று நினைத்தேன். அது பூங்குருவி என்று பிற்பாடு சிஸ்டர் சொன்னார், மலபார்ப் பக்கத்து ஓடைகளில் மழைக்காலத்தில் பாடுமாம். எந்த ராகத்திலும் சேராது. பாதியில் விட்டுவிட்டு வேறு எங்கோ ஏறும், இறங்கும், மறுபடி முதலில் இருந்து தொடங்காது. நான் காத்திருந்து பார்த்தேன், ஒரு தடவைகூட முடிக்கவில்லை. சரி, அது பாட்டுக்குப் பாடட்டும் என்று விட்டேன்.

அப்போதுதான் “கண்ணு அவிஞ்சு போச்சு ஒனக்கு” என்று வந்தது. வழக்கம்போலத்தான். ஆனால் எண்ணிக்கொண்டிருந்த வேகத்தில் அதையும் எண்ணிவிட்டேன். தண்ணீர், மழை, ஹாரன், குக்குறுவான், பூங்குருவி, கண்ணு அவிஞ்சு போச்சு. ஆறு. எண்ணி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

பெரிய ஞானோதயம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த நிமிஷமே திரும்ப வந்தான், நானும் பதில் சொன்னேன், பத்து நிமிஷம் அதில் போனது.

காலைச் சாப்பாடு அதற்குப் பிறகு. பயறு கஞ்சி, காணத்துவையல், சுட்ட பப்படம். இதற்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம். அதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு மட்டிப்பழம் (வாழையில் ஒரு வகை) கொடுத்து, ஒரு பழத்தைப் பத்து நிமிஷம் தின்னச் சொன்னார்கள். அமெரிக்கக்காரர்கள் இந்தப் பயிற்சியை ஒரு உலர்திராட்சையை வைத்துச் செய்கிறார்களாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் கையில் இருக்கும்போது நமக்கு எதற்குத் திராட்சை? கையகலம்கூட இல்லாத பழம், தோல் உரிக்கும்போதே மணக்கும், குழந்தைகளுக்கு முதல் முதலில் மசித்து ஊட்டுவது. நீட் எழுதிய பிள்ளை அன்று முதல் தடவையாகச் சிரித்தது இந்தப் பத்து நிமிஷத்தில்தான். அவள் அம்மா மூன்றாவது நிமிஷத்திலேயே முழுங்கிவிட்டு, மற்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டதும் நோட்டும் பேனாவும். இதுதான் நான் காசு கொடுத்ததற்கு வாங்கிய பொருள், மற்றதெல்லாம் கொசுறு. கால் மணி நேரம், உள்ளே ஓடுகிற பேச்சை அது சொல்கிற சொல்லிலேயே எழுத வேண்டும். மெருகேற்றக் கூடாது, சுருக்கக் கூடாது. பதினாலு வரி எழுதினேன். எழுதி முடித்து வாசித்தால், கை தானாகச் சட்டைப்பையில் இருக்கும் சிவப்புப் பேனாவுக்குப் போய்விட்டது. ‘எப்பவும்’ என்று இருந்ததைச் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். 22 வருஷத்தில் எத்தனை ஆயிரம் புரூஃப், அதில் எத்தனை தப்பு? ‘எப்பவும்’ நிற்காது. ‘கொன்னவன்’: ஆள் உயிரோடு இருக்கிறார், தகவல் பிழை, நீக்கு. ‘எல்லாரும் சிரிக்கிறாங்க’: யார்? பெயர் இல்லை. பத்து வரிக்கு மேல் போனதும் இன்னொன்று கண்ணில் பட்டது. பதினாலு வரியில் வேறு வேறு வரி மூன்றுதான். மீதி எல்லாம் அதே மூன்றின் மறுபதிப்பு. 22 வருஷத்தில் எத்தனையோ மோசமான கையெழுத்துப் பிரதி பார்த்திருக்கிறேன். அரசியல் மேடைப் பேச்சைக்கூட நோட்டீஸாகப் போட்டிருக்கிறேன். இவ்வளவு சரக்கில்லாத ஒன்று வந்ததில்லை. இந்த ஆளுக்கா மூன்று மாதம் பயந்தேன்?

சந்தோஷமாக நோட்டைச் சிஸ்டரிடம் காட்டினேன். பக்கம் முழுக்கச் சிவப்பு.

“என்னண்ணே, பரீட்சப் பேப்பர் மாதிரி திருத்தி வச்சிருக்கிய?”

“பழக்கம் சிஸ்டர். எல்லாம் பிழை.”

“பிழைன்னு தெரிஞ்சாச்சுல்லா. இனித் திருத்தண்டாம்.”

“பிழையோட விட்டுரவா?”

“விட்டுருங்க. நீங்க திருத்திக் குடுத்தா அது புதுசா எழுதீட்டு வரும். ஒங்களுக்கு வேல தீருமா?”

தீராது. எனக்குத்தான் தெரியுமே. திருத்திக் கொடுக்கிற ஒவ்வொரு புரூஃபுக்கும் அடுத்த புரூஃப் என்று ஒன்று உண்டு. “நான் அப்படி ஒண்ணும் மோசமில்ல” என்று நான் சொன்னால், “அப்படின்னா அமரர் எப்படி வந்துச்சு” என்பான். அதற்கு நான் ஒன்று, அவன் ஒன்று. ராத்திரி இரண்டரைக்கு நடந்ததெல்லாம் இந்த வியாபாரம்தான். அவர் சொன்னது, வாசித்து, ‘இது நினைப்பு’ என்று மட்டும் மனசில் குறித்துவிட்டு, ஓடைச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டும். மறுபடி வந்தால் மறுபடி வாசிக்க வேண்டும். பேனாவை எடுக்கக் கூடாது.

கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். பிழையைப் பார்த்த பிறகு பேனாவை எடுக்காமல் இருப்பது என்ன பாடு என்று என் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள். மதியம் வரை அதே பாறையில் மூன்று தடவை உட்கார்ந்தோம். முதல் தடவை தோல்வி. இரண்டாவது தூக்கம். மூன்றாவதில் மழை விட்டு, அயினி இலைகளுக்குள்ளே வெயில் இறங்கி, பாறையில் ஆவி பறந்தது. அவன் நாலைந்து தடவை வந்தான். வாசித்தேன். போனான். அவ்வளவுதான் நடந்தது. வெளியே கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தேரூரில் அந்த ரெண்டு கொக்கும் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டால் தெரியாது.

இப்போது குறைகள்.

மதியம் மூன்றாவது முறை உட்கார்ந்திருந்தபோது, பேசாமல் இருந்த அந்த நடுவயதுப் பெண் விசும்பி அழ ஆரம்பித்தார். பிறகுதான் தெரிந்தது, கணவர் இறந்து நாலு மாதம்தான் ஆகிறது. வீட்டுக்காரர் ஓடிவந்து, “அழுங்க, நல்லா அழுங்க, எல்லாம் வெளிய வரட்டும்” என்றார். அது தப்பு. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்து எழுப்பி, அடுப்படிக்குக் கூட்டிப் போய், கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்து, தேங்காய் துருவச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுத் தேங்காய் அவர் துருவியதுதான். அன்று சிஸ்டர் இருந்தார், தப்பித்தது. ஆனால் பதிவு செய்யும்போதே ‘அண்மையில் இழப்பு ஏதாவது உண்டா, மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா’ என்று கேட்க வேண்டாமா? போனில் கேட்டது சைவமா அசைவமா என்று மட்டும்தான். உள்ளே இருக்கிற பேச்சு சும்மா திட்டுவதோடு நிற்காமல், சாகச் சொல்கிற அளவுக்குப் போனால் பாறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். அரசாங்கத்தின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், 14416 என்கிற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இதை அந்த ஓட்டுக் கொட்டகையில் ஒரு அட்டையில் எழுதி மாட்டலாம். அடித்துத் தர நான் தயார்.

இரண்டாவது, ட்ரோன். நாங்கள் சத்தம் கேட்க உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேலே பெரிய வண்டு மாதிரி ஒன்று சுற்றியது. விளம்பரத்துக்குப் படமாம். சத்தங்களின் எண்ணிக்கையில் அதையும் சேர்த்தோம். மாலையில் கிளம்பும்போது ஒவ்வொருவரையும் கேமரா முன்னால் நிற்கவைத்து “உங்க வாழ்க்கை எப்படி மாறிச்சு” என்று கேட்டார் வீட்டுக்காரர். ஹெட்மாஸ்டர், “அட்டை ரெண்டு கடிச்சு” என்றார்.

கழிவறை ஒன்றுதான். ஒன்பது பேருக்கு அது போதாது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது: மரச்சீனிக் கிழங்கு மயக்கியது, மீன்கறி, சைவக்காரர்களுக்கு உள்ளித்தீயல். கிழங்கு தின்றுவிட்டு உடனே மறுபடி உட்காரச் சொல்வது மனிதத்தன்மை இல்லை. பாதிப் பேர் தூங்கினோம்.

போய்வந்து ஏழு வாரம் ஆகிறது. இப்போது காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்துச் சானல் கரையில் கால் மணி நேரம் உட்காருகிறேன். துணி துவைக்கிற சத்தம், எருமையைக் குளிப்பாட்டுகிற சத்தம், டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள், கள்ளத்தனமாக சானலுக்குள் குதிக்கிற பயல்கள், நடுவில் அவன். பாறையும் பூங்குருவியும் கட்டாயம் இல்லை போல. அதைக் கண்டுபிடிக்க 1,800 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் இன்னும் இருக்கிறான். போன வாரம் ஒரு பில் புக்கில் போன் நம்பர் ஒரு எண் மாறியிருந்ததைப் பிளேட் போடுவதற்கு முன்னால் பிடித்தேன். “பாத்தியா, பாத்தியா” என்று வந்தான். மூன்றாவது வரி, தெரிந்த வரி. நம்பரைத் திருத்தினேன், அவனைத் திருத்தவில்லை. அன்று ராத்திரி இரண்டரைக்கு முழிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகவில்லை.

அந்தக் கல்யாணம் ஆவணியில் நடந்தது. எனக்கும் கார்டு வைத்திருந்தார்கள், திருத்திய கார்டு. மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று பார்த்தேன். தாத்தா கண்டுவிட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு நேராக வந்து, “லேய் மக்கா, நீ அனுப்பி வச்சே, நான் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன் பாத்துக்க” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கிறாங்க என்று நான் எழுதிய வரி ஒருவழியாக உண்மையாகிவிட்டது. பழைய கார்டில் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாராம். “அடுத்த தடவ அடிக்கும்போ தேதி மட்டும் போட்டாப் போரும், ஒனக்கு வேல மிச்சம்.” பாயசம் ஒரு கிண்ணம் கூடப் போடச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்த வண்டி இல்லாவிட்டால் குலசேகரம் வரை பஸ் நிறைய உண்டு, அங்கிருந்து ஆட்டோ. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து தோட்டம் மொட்டையாக இருக்கும், வெயில் நேரே மண்டையில் இறங்கும். அப்போது போகாதீர்கள். மழைக்காலம்தான் இதற்கு அழகு, பதிலுக்கு அட்டை. மாற்று உடுப்பு எடுத்துப் போங்கள். சிஸ்டர் இருக்கிறாரா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள், அவர் இல்லாத நாளில் 1,800 ரூபாய்க்கு அது வெறும் கஞ்சியும் ட்ரோனும்தான். நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று சிஸ்டருக்கு, அரை காணத்துவையலுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போர்டு அப்படியேதான் நிற்கிறது. வாசித்தேன், ‘இது நினைப்பு’ என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போனேன். சுமார் இரண்டு கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். வண்டியை ஓரம் கட்டி சிஸ்டருக்குப் போன் போட்டு, புது போர்டு நானே அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.